கடல் சூடு: சாட்டிலைட்டை நம்பலாமா, தெர்மாமீட்டரை நம்பலாமா?

ஜெரெஜாக்_கூண்டு:
பினாங்கு கடல் 30 டிகிரின்னு சாட்டிலைட் வரைபடம் காட்டுது. மத்தியானம் நம்ம சியாக்காப் மீன் கூண்டுல தெர்மாமீட்டரை இறக்கினா 32. ரெண்டு டிகிரி லேசான விஷயமா? இதைப் பார்த்து எப்படித் தீனி போடுறது?

பாயான்_லெப்பாஸ்:
அண்ணே, ரெண்டும் அளக்குறது வேற வேற தண்ணி. சாட்டிலைட்டோட அகச்சிவப்புக் கருவிக்குத் தெரியுறது கடலோட மேல்தோல் மட்டும்தான், மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு. காத்துக்குச் சூட்டை விட்டுக்கிட்டே இருக்குறதால அது தனக்குக் கீழ இருக்குற தண்ணியைவிட 0.1, 0.2 டிகிரி குறைவா இருக்கும். அதோட, இந்த மாதிரி தினசரி வரைபடம் பலதும் பகல் வெயில் ஏத்துற சூட்டைக் கழிச்சுட்டுத்தான் வருது. காத்தடிக்காத மத்தியானத்துல மேல்தண்ணி ஒன்னு ரெண்டு டிகிரி ஏறத்தான் செய்யும். காலைல ஆறு மணிக்கு, வெளிச்சம் வர்றதுக்குள்ள அளந்து பாருங்க.

ஜெரெஜாக்_கூண்டு:
அளக்காமலா இருக்கேன் தம்பி? அப்பவும் 31. சரி, அகச்சிவப்பு மேகத்தைத் தாண்டாது. நாள்கணக்குல மேகம் மூடியிருந்தாலும் தினமும் நம்பர் வருதே, எப்படி?

பாயான்_லெப்பாஸ்:
மைக்ரோவேவ் கருவி மேகத்தைத் தாண்டிப் பார்க்கும்.

பட்டர்வொர்த்_மாலா:
நம்ம கடல் வாய்க்கால்ல அது எடுபடாது தம்பி. மைக்ரோவேவோட ஒரு புள்ளியே பல பத்து கிலோமீட்டர் அகலம். தீவுக்கும் எதிர்க்கரை செபெராங் பிறைக்கும் நடுவுல இருக்குறதே சில கிலோமீட்டர். கரையோட கதிரும் கலந்துடுறதால கரையோர அளவைக் கழிச்சே விடுவாங்க. மேகம் மூடின நாள்ல வர்ற எண், பக்கத்துக் கடலையும் முந்தின நாளையும் வச்சு நிரப்பினது. அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. புகைமூட்டத்தையும் மறக்காதீங்க. 1991ல பிலிப்பைன்ஸ்ல பினாத்துபோ எரிமலை வெடிச்சப்ப, வானத்துல பரவின நுண்துகள்களால சாட்டிலைட் கடலைக் குளிர்ச்சியாக் காட்டுச்சு.

பாயான்_லெப்பாஸ்:
அக்கா, அதே வருஷம் சாட்டிலைட்ல மேல போன ஏடிஎஸ்ஆர்ங்கிற அகச்சிவப்புக் கருவி ஒரே இடத்தை நேராவும் சாய்வாவும் பார்த்துச்சு. சாய்வுப் பார்வைக்குக் காத்து அதிகம் குறுக்க வரும். ரெண்டையும் ஒப்பிட்டா ஈரமும் தூசியும் எவ்வளவு மறைக்குதுன்னு பிடிபடும். இப்ப சென்டினல்-3 சாட்டிலைட் அதைச் செய்யுது. பவளப்பாறை வெளுக்கும்னு வாரக்கணக்குச் சூட்டைக் கூட்டி எச்சரிக்கை குடுக்குறதே சாட்டிலைட் அளவை வச்சுத்தான். அத்தனை கடலுக்கும் ஆளை விட்டு அளக்க முடியுமா?

ஜெரெஜாக்_கூண்டு:
பாறைக்கு அது போதும். சூடு ஏறினா தண்ணில ஆக்சிஜன் குறையும், கூண்டுல நெருக்கமா கிடக்குற மீன்தான் முதல்ல தவிக்கும். அரை டிகிரிகூட எனக்குக் கணக்கு. தீனி போடுறது என் தெர்மாமீட்டரைப் பார்த்துத்தான்.

பாயான்_லெப்பாஸ்:
அப்படியே போடுங்கண்ணே. ஆனா தேதி, நேரம், ஆழம் மூணையும் எழுதி இங்க ஏத்துங்க. சாட்டிலைட்டைச் சரிபார்க்குறதே கடல்ல விட்ட மிதவைகளோட அளவை வச்சுத்தான். அதே நாள் வரைபட எண்ணை நான் பக்கத்துல போடுறேன்.