யார் திருத்தினாலும் 'ரூட்' என்றே பதிவாகிறது – உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் ரத்தக் கொடையாளர் பட்டியலை பிஎச்பி (இணையச் செயலி எழுதும் மொழி), மைஎஸ்க்யூஎல் 8.0 (டேட்டாபேஸ்) வைத்து நடத்துகிறோம். 6 பேர் தனித்தனி லாகினில் திருத்துவோம். போன வாரம் ராத்திரி ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமாகத் தேவைப்பட்டது. பட்டியலில் இருந்த போன் எண்ணுக்குப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். யார் மாற்றியது, பழைய எண் என்ன, ஒன்றும் தெரியவில்லை. இனி இப்படி ஆகக்கூடாது என்று 'திருத்தியவர்' ஃபீல்டு சேர்த்து, அப்டேட் டிரிக்கரில் (வரி மாறும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் நிரல்) கரண்ட் யூசர் ஃபங்ஷனை வைத்தேன். எல்லா வரியிலும் ரூட் (டேட்டாபேஸின் முழு அதிகாரக் கணக்கு) என்றே விழுகிறது.

பதில் 1:
உங்கள் 6 பேரையும் மைஎஸ்க்யூஎல்லுக்குத் தெரியாது நண்பரே. அந்த லாகின் பிஎச்பியோடு நின்றுவிடுகிறது. டேட்டாபேஸுக்குள் போவது கான்ஃபிக் ஃபைலில் உள்ள ஒரே கணக்குதான். டிரிக்கருக்குள் கரண்ட் யூசர் என்றால் அந்த டிரிக்கரின் டிஃபைனர், அதாவது அதை உருவாக்கியதாகக் குறிக்கப்பட்ட கணக்கு. அதற்குப் பதில் யூசர் ஃபங்ஷனைப் போட்டாலும் செயலியின் கணக்குதான் வரும். பிஎச்பி செஷனில் (லாகின் செய்தவர் யார் என்று சர்வர் நினைவில் வைக்கும் இடம்) இருக்கும் பயனர் எண்ணை அப்டேட் கட்டளையிலேயே சேர்த்து எழுதுங்கள். ஃபார்மில் ஹிடன் ஃபீல்டாக வைத்து வாங்காதீர்கள், பிரவுசரிலேயே அதை மாற்றி அனுப்பிவிட முடியும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ஆனால் அப்டேட் 14 இடத்தில் சிதறிக் கிடக்கிறது. ஒன்றை விட்டாலும் பழைய ஆள் பெயரே நிற்குமே?

பதில் 1:
அப்படியானால் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டின் தொடக்கத்திலும் அட் (@) குறி போட்ட மைஎஸ்க்யூஎல் மாறி ஒன்றில் (இணைப்பு முடியும்வரை மதிப்பை வைத்திருக்கும்) பயனர் எண்ணை வையுங்கள். டிரிக்கர் அதை எடுத்துக்கொள்ளும்.

பதில் 2:
பிடிஓவில் (பிஎச்பி டேட்டாபேஸோடு பேசும் வழி) பெர்சிஸ்டென்ட் கனெக்‌ஷன் (ரிக்வெஸ்ட் முடிந்தும் மூடாமல் அடுத்ததற்கும் பயன்படும் இணைப்பு) இருந்தால் முந்தைய ஆளின் பயனர் எண் அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் லாகின் இல்லாத ரிக்வெஸ்ட்டிலும் அந்த மாறியைக் காலி செய்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம், 'கடைசியாகத் திருத்தியவர்' மட்டும் உங்களுக்குப் போதாது. திங்களன்று ஒருவர் போன் எண்ணை மாற்றுகிறார், புதனன்று இன்னொருவர் முகவரியைத் திருத்துகிறார். பெயர் நிற்பது இரண்டாமவருடையது. தவறு செய்யாதவரிடம் போய்க் கேட்பீர்கள். தனியாக வரலாற்று டேபிள் வைத்து, பழைய எண், புதிய எண், யார், எப்போது என்று ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதுங்கள். செயலிக்கு ரூட் கணக்கும் வேண்டாம்.

பழைய எண் இன்னும் கிடைக்கலாம். 8.0இல் பைனரி லாக் (டேட்டாபேஸ் மாற்றங்களைப் பதியும் கோப்பு) இயல்பாகவே ஓடும், 30 நாள் தங்கும். மைஎஸ்க்யூஎல்பின்லாக் கருவியை வெர்போஸ் (விவரமாகக் காட்டும் தெரிவு) போட்டு ஓட்டினால் மாற்றத்துக்கு முன்னிருந்த மதிப்பும் தெரியும். செயலியில் யார் மாற்றினார் என்பது மட்டும் அதில் இருக்காது.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது! இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. கொடையாளரையே அழைத்துப் பேசிவிட்டேன். வரலாற்று டேபிளை இன்று இரவே போடுகிறேன்.