புதுப்பிப்பு: தண்ணீர் ஏறாமல் நின்ற ஃபிரன்ட் லோடு வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது

மடிப்பாக்கம் வீடு, போர் தண்ணீர். மெஷினில் தண்ணீர் நூல் மாதிரி இறங்கி, கொஞ்ச நேரத்தில் பீப் அடித்து நின்றுவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தண்ணீரை உள்ளே விடும் வால்வு போயிருக்குமோ என்று பயந்தேன். 'முதலில் இன்லெட் வலையைப் பாருங்க' என்ற அண்ணன் சொன்னதுதான் சரி. பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, பின்பக்க ஹோஸைக் கழற்றினேன். மெஷினில் ஹோஸ் மாட்டும் வாய்க்குள்ளே விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் வலை, அதுதான் இன்லெட் வலை. குறடால் மெல்ல இழுத்தால் வந்துவிடுகிறது. ஒரு ஓட்டைகூடத் தெரியாதபடி வெள்ளை உப்பும் மணலும் அப்பியிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது.

எதிர்பாராத விஷயம், மாட்டிய பிறகும் பாதி வேகம்தான். அப்புறம் பார்த்தால் ஹோஸின் குழாய்ப் பக்க முனையிலும் ஒரு வலை! அதையும் கழுவியதும் தண்ணீர் முன்பு போல வேகமாக ஏறுகிறது. திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர் ஒழுங்காக உட்கார்ந்ததா பாருங்கள், எனக்கு முதல் தடவை சொட்டியது.

இன்னொன்று: சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) கழுவிய மறுநாள்தான் இந்தத் தொந்தரவு ஆரம்பித்தது. அடியில் இருந்த மணல் கலங்கி வந்திருக்க வேண்டும்.