ஐந்து பேர் சரி, ஆறாவது ஆள் யார்?

வரிசை_வாத்தியார்:
நேற்று இங்கே ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "நோட்டர் டேம் ஆஃபென்சிவ் லைனில் ஆள் பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. நானும் அந்த அணிக்காரன்தான். அதனால்தான் எரிகிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நோட்டர் டேம் ஒரு கல்லூரி அணி. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து பேர்தான் ஆஃபென்சிவ் லைன், நாம் சொல்கிற வரிசை. நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, இரு ஓரத்திலும் டேக்கிள்.

போன வருஷம் (2024 சீசன்) வரிசையில் ஓட்டை விழுந்தபோதெல்லாம் அடைத்தவர்கள் யார்? மூன்றாவது ஆட்டத்தில், பர்டூவுக்கு எதிராக, சென்டர் ஆஷ்டன் கிரெய்க்குக்கு முழங்கால் போனது. பாட் கூகன் வந்தார், மிச்சம் 13 ஆட்டத்தையும் அவரே தொடங்கினார். பில்லி ஷ்ராத்துக்குக் கணுக்கால், ரோக்கோ ஸ்பிண்ட்லர் வந்தார். அரையிறுதியான ஆரஞ்சு பவுலில் லெஃப்ட் டேக்கிள் ஆன்தனி நாப் விழுந்தார், டாஷ் பேக்கர் வந்தார்.

இப்போது அவர்கள் எங்கே? கூகன் இந்தியானாவில். ஸ்பிண்ட்லர் நெப்ராஸ்காவில். லெஃப்ட் கார்டு ஆடிய சாம் பெண்டில்டன் டென்னசியில். பேக்கருக்குக் கல்லூரி ஆட்டக் காலமே முடிந்துவிட்டது. மிச்சம் இருந்த சார்ல்ஸ் ஜகுசா ஜூலையில் வண்டி விபத்தில் மேல்கை எலும்பை உடைத்துக்கொண்டார். வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரித்துப் போட்டாயிற்று. சுவர் விரிந்தால் எதன் மேல் ஏறுவது? மயாமியோடு முதல் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 31.

தங்கத்தொப்பி:
எழுதியது நான்தான் வாத்தியாரே. பெயர் சொல்லியே திட்டலாமே, என்ன வெட்கம்?

நாப், ஷ்ராத், கிரெய்க், ஏமில் வாக்னர் என்று நாலு பேர் அப்படியே இருக்கிறார்கள். ஐந்தாவது இடத்துக்கு கெர்பி லாம்பர்ட். ஆழம், அதாவது மாற்று ஆள் பலம், வேண்டுமென்றால் ஆரஞ்சு பவுலை மறுபடி போட்டுப் பாருங்கள். நாப் விழுந்தார், ஜகுசா எழுந்துபோய் லெஃப்ட் டேக்கிளில் நின்றார், பென் ஸ்டேட்டை 27-24 என்று ஜெயித்தோம். மாசக்கணக்கில் மார்புத் தசைக் காயத்தோடு பெஞ்சில் இருந்த ஆள்! அப்படிப்பட்டவரை வளர்க்கிற பயிற்சியாளர் ஜோ ருடால்ஃப் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்.

வரிசை_வாத்தியார்:
நாப் இடத்துக்கு வந்தது பேக்கர். ஜகுசா போனது ரைட் கார்டுக்கு, ஸ்பிண்ட்லருக்குப் பதிலாக. முதலில் இதைத் திருத்துங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

தங்கத்தொப்பி:
ஆட்டத்தை நான் நேரலையில் பார்த்தேன்.

வரிசை_வாத்தியார்:
நானும்தான் பார்த்தேன். நாப் போனதும் வந்தது பேக்கர்.

ஓஹையோ_மாமா:
அடடா, ஃபைனலில் எங்கள் ஓஹையோ ஸ்டேட்டிடம் தோற்ற வரிசையைப் பற்றியா இவ்வளவு பேச்சு? 34-23. ஞாபகம் இருக்கிறதா தம்பிகளா?

எங்கள் கதையையும் கேளுங்கள். அக்டோபரில் ஓரிகனோடு ஆடும்போது லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்கால் போனது. நவம்பரில் சென்டர் செத் மெக்லாக்லினுக்கு குதிகால் தசைநார் அறுந்தது. நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது வாங்கியவர் அவர். கார்டு ஆடிக்கொண்டிருந்த டானவன் ஜாக்சனை டேக்கிளுக்கு நகர்த்தினோம், கார்சன் ஹின்ஸ்மன் சென்டருக்குப் போனார். கோப்பையோடு வீட்டுக்கு வந்தோம். ஆழம் என்று புலம்பவில்லை.

தங்கத்தொப்பி:
நடுவில் மிஷிகனிடம் சொந்த மைதானத்தில் 13-10 என்று தோற்றதை மட்டும் மறந்துவிட்டீர்களே மாமா. அன்றைக்கு உங்கள் வரிசை ஊருக்குப் போயிருந்ததோ?

ஓஹையோ_மாமா:
ஜனவரியில் போட்ட பந்தயத்துக்கு எனக்கு ஒரு பிரியாணி பாக்கி. அதைப் பற்றி வாயைத் திறக்காதவர் மிஷிகனைப் பற்றித் திறக்கிறார்.

சும்மா_வந்தேன்:
ஒரு சந்தேகம். "நோட்டர் டேம்" என்று எழுதுகிறீர்கள். அது பிரெஞ்சுப் பெயர், "நோத்ர தாம்" என்றுதானே வரவேண்டும்? அப்புறம், ஒரு ஓரத்து ஆளை ஏன் இத்தனை பேர் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

வரிசை_வாத்தியார்:
பாரிஸ் கோயிலுக்கு நோத்ர தாம். சவுத் பெண்ட் கல்லூரிக்கு அங்கே உள்ளவர்கள் சொல்வது நோட்டர் டேம். அங்கே போய் நோத்ர தாம் என்றால் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓரத்து ஆளைப் பற்றிக் கேட்டீர்கள். வலது கையால் எறிகிற குவார்ட்டர்பேக் பந்தை எறிய உடம்பைத் திருப்பும்போது இடப்பக்கம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருபவனை அவரால் பார்க்க முடியாது, லெஃப்ட் டேக்கிள்தான் பார்க்க வேண்டும். கார்டு நிற்பது நெருக்கடியில், இரண்டு பக்கமும் ஆள் துணை உண்டு. டேக்கிள் திறந்த வெளியில் தனியாள். ஆகவே கார்டில் நின்றவரை டேக்கிளில் நின்றார் என்று எழுதுவது சின்ன எழுத்துப்பிழை இல்லை. ஆரஞ்சு பவுலில் ஜகுசா நின்றது ரைட் கார்டு.

சும்மா_வந்தேன்:
பெயரைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். பரவாயில்லை, நான் நோத்ர தாம் என்றே எழுதுவேன்.

தங்கத்தொப்பி:
வாத்தியார் ரைட் கார்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். நான் சொல்ல வந்தது ஃபைனல். ஃபைனலில் லெஃப்ட் டேக்கிளில் தொடங்கியவர் ஜகுசா. இதுவும் பொய்யா?

பந்து நம் கையில் இருந்த முதல் முறையே (டிரைவ்) 18 நகர்வு, 75 யார்டு, பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். குவார்ட்டர்பேக் ரைலி லெனர்ட் எல்லைக் கோட்டைத் தாண்டினார். 7-0. காயத்திலிருந்து எழுந்து வந்தவர் காவல் காத்த பக்கம் அது.

ஓஹையோ_மாமா:
அதற்கப்புறம் வரிசையாக 31 புள்ளி நாங்கள். பத்து நிமிஷத்துக்குக் கைதட்டிவிட்டு மிச்ச நேரம் தூங்கிவிட்டீர்கள் போல.

வரிசை_வாத்தியார்:
ஃபைனலில் ஜகுசா லெஃப்ட் டேக்கிள், சரி. மறுத்தேனா? "ஆரஞ்சு பவுல்" என்று எழுதியது யார்? மேலே போய்ப் பாருங்கள், இன்னும் அப்படியே கிடக்கிறது. 27-24 என்று ஸ்கோர் வேறு போட்டிருக்கிறீர்கள்.

அந்த ஜகுசாவே இந்த வருஷம் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் என் பேச்சு. போன வருஷம் ஆகஸ்டிலும் இதே மாதிரிதான். அவர் பயிற்சியில் காயப்பட்டார், டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு எதிரான முதல் ஆட்டத்தில் முதலாண்டு மாணவர் நாப் லெஃப்ட் டேக்கிளில் இறங்கினார். 23-13 என்று ஜெயித்தோம். அடுத்த வாரமே நார்தர்ன் இல்லினாய் நம் வீட்டுக்கு வந்து 16-14 என்று முகத்தில் கரி பூசிவிட்டுப் போனது.

தங்கத்தொப்பி:
நார்தர்ன் இல்லினாய் தோல்விக்கு வரிசை என்ன செய்யும்? லெனர்ட் எறிந்த பந்துகளை எதிரணி பிடித்தது. அதையும் லைன் மேல் போடுங்கள். போன வருஷம் அதே ஆட்டத்தன்று இங்கே ஒருத்தர் "நாப்பை உட்கார வையுங்கள்" என்று எழுதினார். அந்த நாப் 15 ஆட்டம் தொடங்கினார். எழுதியவர் பெயர் வ-வில் ஆரம்பிக்கும்.

வரிசை_வாத்தியார்:
நான் எழுதியது "உதவிக்கு டைட் எண்டை நிறுத்துங்கள்" என்று, அதாவது டேக்கிளுக்குப் பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள். உட்கார வைக்கச் சொல்லவில்லை. வார்த்தையை மாற்றுவது உங்களுக்குப் பழக்கம், பேக்கரை ஜகுசா ஆக்கியது போல.

பழைய_கார்டு:
கூகன் விஷயத்தை யாராவது பேசுங்களேன். 2023-இல் 13 ஆட்டமும் லெஃப்ட் கார்டு ஆடியவர். போன ஆகஸ்டில் அந்த இடத்தைப் பெண்டில்டனுக்குக் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கிரெய்க் விழுந்ததும் சென்டரில் நின்று அணியை ஃபைனல் வரை கொண்டு போனார். கிரெய்க் திரும்பி வருகிறார் என்றதும் மறுபடி பெஞ்சா? போய்விட்டார். யார்தான் இருப்பார்கள்? வீரர்கள் கல்லூரி மாற வழிவிடும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு நல்ல ஆறாவது ஆளை வைத்திருக்கவே முடியாது. அவன் வேறு ஊரில் முதல் ஆள்.

இந்த வருஷத்திலிருந்து அணிக்கு 105 பேர் என்று வரம்பு வேறு. உதவித்தொகை இல்லாமல் பயிற்சிக்கு வந்து நின்ற பையன்களுக்குத்தான் முதலில் இடம் போகும். வரிசை ஆட்டத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து கற்க முடியாது. பக்கத்தில் நிற்பவன் எப்போது நகர்வான் என்பது நூறு முறை சேர்ந்து இடித்தால்தான் தெரியும்.

வரிசை_வாத்தியார்:
இதைத்தான் முதல் பதிவில் எழுதினேன் அண்ணே. யாரும் படிக்கவில்லை.

பழைய_கார்டு:
இல்லை வாத்தியாரே, நீங்கள் ஊர்களின் பட்டியல் போட்டீர்கள். ஏன் போனார்கள் என்று எழுதவில்லை.

வரிசை_வாத்தியார்:
ஏன் போனார்கள் என்பது வேறு கேள்வி. போனார்கள் என்பதே இங்கே சிலருக்கு ஏறவில்லை. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: வாக்னருக்குக் கணுக்கால் புரண்டால் ரைட் டேக்கிளில் யார்? லாம்பர்ட் நகர்ந்தால் கார்டில் யார்? பெயர் சொல்லுங்கள். "வளர்ப்பார்கள்" என்பது பெயர் இல்லை.

தங்கத்தொப்பி:
ஜாக் மார்ட்டின், ரானி ஸ்டான்லி, குவென்டன் நெல்சன், மைக் மெக்லின்சி, ஜோ ஆல்ட். எல்லோரும் தொழில்முறை லீக்கின் (NFL) வீரர் தேர்வில் முதல் சுற்றில் போனவர்கள். இத்தனை பேரை வளர்த்த இடத்தில் பெயர் கேட்கிறார் வாத்தியார். 2017-இல் நாட்டின் சிறந்த வரிசைக்கான ஜோ மோர் விருது எங்கே வந்தது?

ஓஹையோ_மாமா:
நெல்சன் ஆகஸ்ட் 31 அன்று மயாமிக்கு வருகிறாரா? டிக்கெட் போடட்டுமா?

தங்கத்தொப்பி:
மாமா, உங்கள் பிரியாணியில் இனிமேல் முட்டையும் கிடையாது.

சும்மா_வந்தேன்:
நோத்ர தாம் வாழ்க.

வரிசை_வாத்தியார்:
தாத்தாக்கள் பெயரை எழுதிவிட்டு ஆறாவது ஆளின் பெயரை எழுதாமல் நழுவுவதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள ஆரஞ்சு பவுல் வரியும் இன்னும் திருத்தப்படவில்லை. நான் எங்கேயும் போகவில்லை.

தங்கத்தொப்பி:
திருத்த மாட்டேன். ஜகுசா அன்றைக்கு வரிசையில் நின்றாரா, இல்லையா?

வரிசை_வாத்தியார்:
ரைட் கார்டில்.