ஸ்டார் ஃபாக்ஸ் 2: முடித்த விளையாட்டை ஏன் வெளியிடாமல் வைத்தார்கள்?

கேள்வி (ஹட்டன்)

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டில் வேலை செய்யும் மாமா விடுமுறையில் வந்தபோது நிண்டெண்டோவின் சிறிய சூப்பர் நிண்டெண்டோ கன்சோலைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலுள்ள ஸ்டார் ஃபாக்ஸ் என்னும் விண்வெளிப் போர் விளையாட்டின் முதல் கட்டத்தை முடித்ததும், அதுவரை பூட்டியிருந்த இரண்டாம் பாகம் திறந்தது. இந்த இரண்டாம் பாகம் தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலேயே முடிக்கப்பட்டும் 2017 செப்டெம்பர் வரை வெளிவரவில்லை என்று வாசித்தேன். வேலை முழுவதும் முடிந்த பிறகு ஏன் நிறுத்தினார்கள்? அந்த உழைப்பெல்லாம் வீண்தானா? நானும் தங்கையும் சிறிய விளையாட்டொன்றைச் செய்யப் பழகி வருவதால், விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி (பண்டாரவளை)

தம்பி, அதன் தரத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை. 1993இல் வந்த முதல் பாகம், கேசட்டுக்குள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் என்னும் துணைச் சிப்பை வைத்து, அந்தக் கன்சோல் தனியாகச் செய்ய முடியாத முப்பரிமாணக் காட்சிகளைக் காட்டியது. அந்தச் சிப்பின் மேம்பட்ட வடிவத்தைக் கொண்டு, பிரித்தானியாவின் ஆர்கோனாட் நிறுவனத்திலிருந்து வந்த டிலன் கத்பர்ட் முதன்மை நிரலாளராக இருந்து இரண்டாம் பாகத்தை உருவாக்கினார். ஆனால் 1994இன் இறுதியிலேயே போட்டிக் கன்சோல்களான செகா சாட்டர்னும் பிளேஸ்டேஷனும் ஜப்பானியக் கடைகளுக்கு வந்துவிட்டன; நிண்டெண்டோ 64 கன்சோலும் 1996 ஜூனில் வந்தது. பழைய கன்சோலின் முப்பரிமாணத்துக்கும் புதியதன் முப்பரிமாணத்துக்கும் இடையே தெளிவான எல்லை இருக்க வேண்டும் என்று நிண்டெண்டோவின் விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ கருதியதால், முடிந்த விளையாட்டு அலுமாரியில் தங்கிவிட்டது.

உழைப்பு வீணாகவில்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன். எல்லாத் திசையிலும் பறந்து போரிடும் முறையும், ஸ்டார் வுல்ஃப் என்ற எதிரணியும் 1997இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் 64இல் இடம்பெற்றன. விமானம் இரண்டு கால் இயந்திரமாக மாறி நடப்பது 2016இல் ஸ்டார் ஃபாக்ஸ் ஸீரோவில் வந்தது.

மறுமொழி (நுவரெலியா)

அண்ணா சொல்வதில் பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடிகிறது. இந்த விளையாட்டின் உயிர் அதன் வரைபடத்தில் இருக்கிறது. நீங்கள் தொலைவிலுள்ள எதிரித் தளமொன்றுக்குள் போரிட்டுக்கொண்டிருக்கும்போதே, ஏவுகணைகள் நாம் காக்க வேண்டிய கோர்னேரியா கோளை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்; தளத்தை முடிப்பதா, பாதியில் விட்டுத் திரும்புவதா என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுக்க வேண்டும். கோர்னேரியாவின் சேதம் 100 சதவீதத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. தொண்ணூறுகளில் இது வெளிவந்திருந்தால் வியந்திருப்பார்கள். 2006இல் ஸ்டார் ஃபாக்ஸ் கமாண்ட் வரைபடத்தில் திட்டமிடும் முறையைப் பயன்படுத்திவிட்டதால், ஸ்டார் ஃபாக்ஸ் 2 வெளிவந்த நேரத்தில் அது ஏற்கெனவே பார்த்த ஒன்றாகத் தெரிந்தது. அதைச் செய்தவர்களுக்குச் சேர வேண்டிய பெயர் உரிய நேரத்தில் கிடைக்காதது எனக்கு இன்றும் வருத்தமே.

இடைப்பட்ட ஆண்டுகளில் இதை உயிரோடு வைத்திருந்தவர்கள் இரசிகர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இணையத்தில் கசிந்த முன்மாதிரியை அவர்களே ஆங்கிலத்துக்கு மாற்றி விளையாடினார்கள்.

மறுமொழி (கண்டி)

இந்த விளையாட்டுக்காவது நிறுவனம் இறுதிப் பதிப்பைப் பத்திரமாக வைத்திருந்தது. சைலன்ட் ஹில்ஸ் என்னும் திகில் விளையாட்டு ரத்தானபோது, 2014 ஓகஸ்ட்டில் இலவசமாக வந்த அதன் முன்னோட்டமான பி.டி.யை 2015இல் பிளேஸ்டேஷனின் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அழிக்காமல் வைத்திருந்த பழைய பிளேஸ்டேஷன் 4களில்தான் அது தொடர்ந்து இருந்தது. ஆகவே தம்பியும் தங்கையும் தங்கள் விளையாட்டின் ஒவ்வொரு பதிப்பையும், வேண்டாமென்று ஒதுக்கியவற்றையும் சேர்த்து, தேதியிட்டுத் தனி ஹார்ட் டிஸ்க்கில் சேமித்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எங்கள் விளையாட்டில் நீக்கிய இரண்டு கட்டங்கள் தங்கையின் மடிக்கணினியில் இன்னும் இருக்கின்றன. அவற்றை முதலில் பிரதி எடுத்துவிடுகிறோம். வரைபடத்தைப் பற்றிச் சொன்ன பிறகு, ஸ்டார் ஃபாக்ஸ் 2ஐக் கடினமான நிலையில் மீண்டும் தொடங்கியிருக்கிறேன்.