மறு: மறு: ரத்தத்துல கால்சியம் கூடுறதுக்கு ஒரு சொல்லு வேணும், திங்கக்கிழமைக்குள்ள

முத்தியால்பேட்டை மொழிபெயர்ப்பு:
எல்லாருக்கும் வணக்கம். நோயாளிங்களுக்குக் குடுக்குற துண்டறிக்கை, ரெண்டே பக்கம், திங்கக்கிழமை அச்சுக்குப் போவணும். 'ஹைபர்கால்சீமியா'ல மூணு நாளா நிக்கிறேன். ரத்தத்துல கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5லேர்ந்து 10.5 மில்லிகிராம் வரைக்கும் சரி, அதுக்கு மேல ஏறினா ஓயாத தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, மலச்சிக்கல், கிட்னில கல்லு, 14ஐ தாண்டிட்டா ஆளு பேச்சே தடுமாறிடும். 'உயர் ரத்தக் கால்சியம்'னு போட்டேன். படிச்சுப் பார்த்த அம்மா ஒருத்தங்க "பிரஷருக்காம்மா இது?"ன்னாங்க.

திருப்பாதிரிப்புலியூர் தமிழ் வாத்தியார் (ஓய்வு):
கேப்பாங்கதாம்மா. 'உயர் ரத்த' வரைக்கும் வந்தா மிச்சத்த கண்ணு தானா 'அழுத்தம்'னு படிச்சுக்கும். 'மிகுசுண்ணக் குருதி' வைங்க. மிகுசுண்ணம் வினைத்தொகை, நடுவுல 'ச்' வராது, மிகுச்சுண்ணம்னு அச்சடிச்சு என் உசிர வாங்காதீங்க. கால்சியமே லத்தீன்ல சுண்ணாம்புக்கு இருக்குற 'கால்க்ஸ்'லேர்ந்து 1808ல டேவி வச்ச பேருதானே.

வில்லியனூர் தனித்தமிழன்:
ஐயா, சுண்ணம் வடமொழி 'சூர்ணம்', பிராகிருதம் வழியா வந்தது. கால்சியத்தச் சுதைமம்னு எழுதுறவங்களுக்கும் அதே கதி, சுதைங்கிறது 'சுதா'. நம்ம சொல்லு நீறு, சாம்பலும் நீறு நீத்துன சுண்ணாம்பும் நீறு, சந்தேகம்னா அப்பரைக் கேளுங்க, பல்லவன் அவரை ஏழு நாள் அடைச்சு வச்சது நீற்றறையில, அதாவது சுண்ணாம்புக் காளவாய்ல, அப்புறம் கல்லக் கட்டிக் கடல்ல போட்டு அவரு கரையேறுனது உங்க ஊரு கரையேறவிட்டகுப்பத்துல, நீங்களே மறந்தா எப்படி? குருதி நீற்றுமிகை. முடிஞ்சுது.

வாத்தியார்:
அப்பர் காளவாய்லேர்ந்தும் வந்தாரு, கடல்லேர்ந்தும் வந்தாரு, உங்க சொல்லுலேர்ந்து வர மாட்டாரு. ரத்தத்துல நீறுன்னு படிச்சா சனங்க விபூதி பூசுறத நிறுத்திரும்.

லாஸ்பேட்டை டாக்டர்:
சண்டைக்கு நடுவுல வர்றேன். சுண்ணாம்புன்னா நம்ம ஆளுங்களுக்கு வெத்தலைதான். போன வாரம் ஒரு பாட்டி, உள்ளங்கையில கிளிஞ்சல் சுண்ணாம்பு டப்பா, "இதத் தடவுனதாலயா?"ன்னாங்க. சிரிக்கிற கேள்வியில்ல, சுண்ணாம்பு நெறய உள்ள போய் அபூர்வமா அப்படியும் வந்திருக்கு, கிட்னியும் அதுலயே கெடும். ஆனா அந்தப் பாட்டிக்குக் காரணம் அது இல்ல. கழுத்துல தைராய்டுக்குப் பின்னாடி அரிசி மாதிரி நாலு பாராதைராய்டு சுரப்பி இருக்கும், ஒண்ணு பெருத்து ஹார்மோன கொட்டிச்சுன்னா எலும்புலேர்ந்து கால்சியத்த உருவி ரத்தத்துல விட்டுரும். வெளியில நடமாடுறவங்களுக்கு இதான் அதிகம். அட்மிட் ஆனவங்கன்னா புற்றுநோயத்தான் முதல்ல நெனைக்கணும். அப்புறம் முட்டி வலிக்குன்னு டி வைட்டமின் ஊசிய கணக்கில்லாம போட்டுக்கிறது, பிரஷருக்கான தயசைடு மாத்திரை, மனநோய்க்கான லித்தியம். பேருலயே சுண்ணாம்பு வச்சா வெத்தலைய விட்டுட்டு அந்த ஊசிய மட்டும் போட்டுக்கிட்டே இருப்பாங்க, எனக்கு பயம் அதான்.

மொழிபெயர்ப்பு:
டாக்டர், ரெண்டாம் பக்கத்தையும் பாத்துருங்க: "முதலில் சலைன் ஏற்றுவோம், சில மணி நேரத்தில் வேலை செய்யும் கால்சிடோனின், ரெண்டு மூணு நாளில் பலன் காட்டும் ஸோலெட்ரானிக் அமிலம், சுரப்பி பெருத்திருந்தால் அறுவை." மத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஸோலெட்ரானிக்குக்கு யாரும் தமிழ் அனுப்பாதீங்க.

வில்லியனூர்:
பாராதைராய்டுன்னு விட்டுட்டீங்களே, இணைக்கேடயச் சுரப்பி! கேடயம்கூட வடமொழியான்னு ஒரு சந்தேகம் இருக்கு, தனி இழையில எழுதறேன்.

டாக்டர்:
ரெண்டாம் பக்கம் சரி. தனி இழையிலயே இருங்க தோழர்.

மொழிபெயர்ப்பு:
'ரத்தத்தில் கால்சிய மிகை'ன்னு வச்சுக்கலாமான்னு நான் கேட்டதுக்கு மூணு பேரு கை தூக்கிருக்கீங்க, அதையே அனுப்பறேன், மணி பதினொண்ணு ஆவுது.

வாத்தியார்:
சேத்து எழுதும்மா, கால்சியமிகை. மகர ஈறு கெடும்.

வில்லியனூர்:
பாதி ஒட்டு, பாதி கடன். எதிர்ப்பைப் பதிவு பண்றேன். நீற்றுமிகை.

டாக்டர்:
அந்த அம்மாகிட்ட காட்டுனீங்களா?

மொழிபெயர்ப்பு:
காட்டுனேன். "கால்சியம் தெரியுது, மிகைன்னா என்னாம்மா?"ன்னாங்க.