ஃபுளோரைடு மீட்டரில் தரக்கட்டுப்பாட்டு அளவீடுகளின் போக்கைக் காண்பது எப்படி?

கேள்வி (பாலக்கோடு):
தருமபுரி மாவட்டக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அளவைச் சோதிக்கும் எங்கள் ஆய்வகத்தில், லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் கொண்ட கட்டுப்பாட்டுக் கரைசலைத் தினமும் காலையில் அளந்து பதிவேட்டில் எழுதுகிறோம். ஒவ்வோர் அளவீடும் எல்லைக்குள் இருந்தாலும், அவை மெல்ல ஏறிவருவதாகத் தோன்றுகிறது. கருவியின் திரையிலோ கடைசி அளவீடு மட்டுமே தெரிகிறது. போக்கை எவ்வாறு கண்டறிவது?

மறுமொழி (கிருஷ்ணகிரி):
லெவி-ஜென்னிங்ஸ் வரைபடம் போடுங்கள். குறைந்தது 20 நாள் அளவீடுகளிலிருந்து சராசரியையும் திட்டவிலக்கத்தையும் (அளவீடுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) கணக்கிட்டு, சராசரிக்கு இருபுறமும் 1, 2, 3 திட்டவிலக்கத் தொலைவில் கோடுகள் வரைந்து, அன்றாட அளவீட்டைப் புள்ளியாக வையுங்கள், கட்டத்தாளே போதும். தொடர்ந்து 10 புள்ளிகள் சராசரியின் ஒரே பக்கத்தில் விழுந்தால், எல்லை மீறாவிட்டாலும் ஒரே திசையில் சாயும் பிழை இருக்கிறது என்று, கட்டுப்பாட்டு அளவீடுகளை மதிப்பிட ஆய்வகங்கள் பயன்படுத்தும் வெஸ்ட்கார்டு விதிகளுள் ஒன்று கூறுகிறது. கட்டுப்பாட்டுக் கரைசலின் புதிய புட்டி திறந்த நாளையும் அளவுதிருத்தம் செய்த நாளையும் புள்ளியருகே அவசியம் குறியுங்கள்.

மறுமொழி (பென்னாகரம்):
ஃபுளோரைடை உணரும் மின்வாயின் சரிவையும், அதாவது செறிவு மாறும்போது அதன் மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பதையும், அதே தாளில் பதிவது நல்லது. 25 டிகிரி செல்சியஸில், செறிவு பத்து மடங்கு மாறும்போது ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் வேறுபாடு வரவேண்டும். அது குறைந்துகொண்டே போனால் முதலில் மின்வாயைச் சோதியுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், மாற்று நீர் கிடைக்காதபோது 1.5 என்பதால், சிறிய நகர்வும் ஓர் ஊர்க் கிணற்றைப் பற்றிய முடிவையே மாற்றிவிடும்.