இரட்சிக்கப்பட்ட தேதி கேட்கிறார்கள், லுத்தரன்காரி நான் என்ன சொல்ல?

வடசேரிக்காரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். தாத்தா காலத்திலிருந்தே ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) குடும்பம். கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம், பள்ளிக்கூடம் படிக்கும்போது ஞானோபதேச வகுப்பு, அப்புறம் திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபைமுன் அறிக்கையிடும் சடங்கு), அன்றைக்கு வெள்ளைச் சேலை, மத்தியானம் பிரியாணி. எங்கள் ஊரில் இதுதான் வழக்கம்.

கல்யாணமாகி ஆவடிக்கு வந்தேன். வீட்டுக்காரர் குடும்பம் பெந்தெகொஸ்தே சபை. நல்ல மனிதர்கள், என்னை மகளாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அத்தை அடிக்கடி ஒன்றைக் கேட்கிறார்: "நீ எப்போம்மா இரட்சிக்கப்பட்ட?" அவருக்கு நாள், இடம், அன்றைக்குப் பிரசங்கம் செய்தவர் பெயர் எல்லாம் தெரியும். என் வீட்டுக்காரருக்குக் கல்லூரிக் கால வாலிபர் முகாம். நாத்தனாருக்கு ஓர் உபவாச ஜெபம். எனக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. எப்போதுமே இயேசுவை நம்பித்தான் வளர்ந்தேன் என்றால், "அது பரம்பரைக் கிறிஸ்தவம்மா" என்கிறார். இப்போது முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு பக்கம், மாடி வீட்டுக் கத்தோலிக்க அக்கா, "நற்செயலே தேவையில்லைன்னு சொன்னவங்கதானே உங்க லுத்தர்" என்று கிண்டல் செய்கிறார். வகுப்பில் மனப்பாடம் செய்தது அரைகுறையாக நினைவிருக்கிறது, அர்த்தம் அவ்வளவாகத் தெரியாது. சண்டைக்குக் கேட்கவில்லை. எங்கள் சபை இரட்சிப்பைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது, மற்றவர்களிடமிருந்து எங்கே பிரிகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_விசுவாசி

சகோதரி, உங்கள் அத்தை கேட்பதில் தவறில்லை. மாற்கு 16:16ஐ எடுத்துப் பாருங்கள். முதலில் விசுவாசம், அப்புறம் ஞானஸ்நானம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை எதை விசுவாசிக்கும்? அப்பா சாப்பிட்டால் பிள்ளைக்குப் பசி ஆறாது. நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன்தான். குடியும் கூத்துமாக இருந்தேன், ஒரு ராத்திரி கர்த்தர் தொட்டார், மறுநாள் முதல் பாட்டிலைத் தொடவில்லை. அந்த மாற்றம் இல்லாமல் தலையில் தெளித்த தண்ணீரை மட்டும் நம்பி எத்தனை பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள்!

பொறையார்_வாத்தியார்

அம்மா, நான் டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) சபையில் ரொம்ப வருஷம் ஞானோபதேச வகுப்பு எடுத்தவன். நம் பிள்ளைகள் ஒப்பித்துவிட்டு மறந்துபோவதை நன்றாக அறிவேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நான் இரட்சிக்கப்பட்டது கல்வாரியில், இயேசு மரித்த அன்றைக்கு" என்று சாமர்த்தியமாகச் சொல்லும் லுத்தரன்கள் உண்டு. உபதேசப்படி சரிதான். ஆனால் அதை உங்கள் அத்தையிடம் சொல்லாதீர்கள். இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் புழங்க வேண்டியவர்கள்.

நம் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1505-இல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் அகுஸ்தீன் சபை மடத்தில் சேர்ந்தார். அங்கே அவரை அரித்த கேள்வி, கடவுள் இருக்கிறாரா என்பதல்ல. "நான் போதுமான அளவு மனஸ்தாபப்பட்டேனா? எல்லாப் பாவத்தையும் அறிக்கையிட்டேனா? என் மனஸ்தாபம் உண்மையானதா, நரக பயத்தால் வந்ததா?" இதுதான். மணிக்கணக்கில் குருவிடம் பாவ அறிக்கை (பாவசங்கீர்த்தனம்) செய்வாராம். அவருடைய மேலதிகாரி ஸ்டவ்பிட்ஸ் பொறுமையான மனிதர், அவரே சலித்துப் போனார். உள்ளே பார்க்கப் பார்க்க நிச்சயம் குறைந்துகொண்டே போனது. கடைசியில் ரோமர் நிருபத்தில் அவர் கண்டது இது: நம்மைக் கடவுள்முன் குற்றமற்றவராக நிறுத்தி நீதிமானாக்குகிற நீதி நமக்குள் விளைவதல்ல, வெளியிலிருந்து வருவது, கிறிஸ்துவினுடையது, இலவசமாகத் தரப்படுவது.

லுத்தரன் உபதேசம் முழுக்க இந்த 'வெளியிலிருந்து' என்பதில்தான் நிற்கிறது. 1530-இல் லுத்தரின் தோழர் மெலாங்தன் எழுதிய ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 4-ஆம் பிரிவு, மனுஷன் தன் பலத்தாலோ புண்ணியத்தாலோ கிரியைகளாலோ அல்ல, கிறிஸ்துவினிமித்தம் விசுவாசத்தின் மூலம் இலவசமாய் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது. எல்லாரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். 5-ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: அந்த விசுவாசம் நமக்கு வருவதற்காகவே கடவுள் பிரசங்கத்தையும், ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற சாக்கிரமெந்துகளையும் கொடுத்தார். அதாவது விசுவாசமும் நம் சொந்தச் சரக்கு அல்ல. லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் விசுவாசப் பிரமாணத்தின் 3-ஆம் பகுதிக்கு விளக்கம் படித்திருப்பீர்களே. என் புத்தியாலும் பலத்தாலும் இயேசுவை விசுவாசிக்க என்னால் முடியாது, பரிசுத்த ஆவியே சுவிசேஷத்தால் என்னை அழைத்தார் என்று வரும். "என்னால் விசுவாசிக்க முடியாது என்று விசுவாசிக்கிறேன்" என்று ஒப்பிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், முழு உபதேசமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இப்போது பெரம்பூர் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அப்பா சாப்பிட்டால் பிள்ளைக்குப் பசி ஆறாது, சரி. ஆனால் நாம் அப்பாவின் விசுவாசத்தை நம்பிக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. கடவுளின் கட்டளையையும் வாக்குத்தத்தத்தையும் நம்பிக் கொடுக்கிறோம். என் விசுவாசம் ஞானஸ்நானத்தை உண்டாக்குவதில்லை, அதைப் பெற்றுக்கொள்கிறது என்று பெரிய ஞானோபதேசத்தில் லுத்தர் எழுதுகிறார். ஒருவன் விசுவாசமில்லாமல் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் அது செல்லும், இனியாவது அவன் விசுவாசிக்கட்டும் என்கிறார். மறுபடி தண்ணீருக்குப் போகச் சொல்லவில்லை. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சகோதரர்களுக்கு ஞானஸ்நானம் மனிதன் கடவுளுக்குக் கீழ்ப்படிந்து கொடுக்கும் சாட்சி. நமக்கு அது கடவுள் மனிதனுக்குச் செய்யும் செயல். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதில்தான் வேறுபாடு. எதுவும் கொண்டுவர முடியாத கைக்குழந்தைதான் நமக்கு முன்மாதிரி.

மனந்திரும்புதல் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1517-இல் லுத்தர் எழுதிய 95 வாசகங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். நமக்குள் இருக்கிற பாவ சுபாவமாகிய பழைய ஆதாம் தினமும் முழுகிச் சாகவேண்டும் என்று சிறிய ஞானோபதேசமும் சொல்கிறது. அத்தைக்கு ஒரு தேதி இருக்கிறது. நமக்கு ஒவ்வொரு காலையும். குடியை விட்டவரின் சாட்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன், அது கடவுளின் வேலைதான். ஆனால் அந்த அனுபவத்தின் மேல் நிச்சயத்தை நிறுத்தினால், அனுபவம் மங்குகிற நாளில் மனுஷன் மடத்து லுத்தரைப்போல மறுபடி உள்ளே தோண்டத் தொடங்குவான். சோதனை வந்தால் லுத்தர் சொல்லச் சொன்னது, "நான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேன்" என்றுதான்.

சொல்லாமல் விட மனமில்லாத ஒன்று. தேதி கேட்கிற பழக்கத்துக்கு ஒரு வேர் லுத்தரன்களிடமே இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரத்து லுத்தரன் போதகர் பிராங்கே 1687-இல் லூனபர்க்கில் மனம் மாறிய அனுபவத்தைச் சாட்சியாக எழுதிவைத்தார். மனம் புழுங்கிப் போராடி ஒரு கட்டத்தில் ஒளி காண்பதை அவருடைய பக்தி இயக்கம் எதிர்பார்த்தது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு அந்த வட்டத்து மனிதர்தான். அப்புறம் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி மனம் மாறிய நேரம்: 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு, மணி ஏறக்குறைய எட்டே முக்கால். மொரேவியர்கள் (அதே பக்தி வழியில் வந்த ஜெர்மன் சபையார்) கூடிய கூட்டத்தில் யாரோ ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தது ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரை! வெஸ்லியின் வழியில் பரிசுத்த வாழ்வு இயக்கங்கள், அங்கிருந்து 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருவின் பெந்தெகொஸ்தே எழுப்புதல். உங்கள் அத்தை நமக்குத் தூரத்து உறவுதான்.

கால்வின் வழிச் சபைகளோடும் நமக்கு ஒத்துப்போகாத இடம் உண்டு. 1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய அவர்களுடைய டோர்ட் சங்கம் தீர்மானித்தபடி, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே கிறிஸ்துவின் மரணம் பலிக்கிறது, அவர்கள் முடிவுவரை விழாமல் காக்கப்படுவார்கள். நாம் அப்படிச் சொல்வதில்லை. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், விசுவாசி விழுந்தும் போகலாம், திரும்பியும் வரலாம். இரட்சிக்கப்பட்டால் முழுப் பெருமையும் கடவுளுக்கு, கெட்டுப்போனால் முழுக் குற்றமும் மனுஷனுக்கு. அப்படியானால் ஏன் சிலர் மட்டும் விசுவாசிக்கிறார்கள்? 1577-இல் லுத்தரன்கள் எழுதிய விசுவாச அறிக்கையான இணக்கச் சூத்திரம் இந்தக் கேள்விக்கு மேல் துருவாதே என்று நிறுத்திவிடுகிறது. கணக்கு வாத்தியாரான எனக்கு அது இடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் 'கடவுளே தீர்மானித்தார்', 'மனுஷனே தீர்மானித்தான்' என்று விடை சொன்ன இரண்டு பக்கத்தாரையும் பார்த்தபின், நிறுத்தியதே மேல் என்று படுகிறது.

கடலோரக்காரன்

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடி. மாடி வீட்டு அக்கா சார்பில் கொஞ்சம். நற்செயலால் மீட்பை விலைக்கு வாங்கலாம் என்று எங்கள் திருச்சபையும் சொல்வதில்லை. எங்கள் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் வெளியிட்ட ஆணையில் முதல் விதியே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் சொந்தச் செயலால் இறைவன்முன் நீதிமான் ஆகலாம் என்பவனைச் சபிக்கிறது. வேறுபாடு அதற்குப் பிறகுதான். எங்களுக்கு நீதிமான் ஆவது பாவமன்னிப்பு மட்டுமல்ல, உள்ளே மனிதன் உண்மையாகவே புதிதாவதும் சேர்ந்தது. அந்த அருள் வளரும், சாவான பாவத்தால் இழக்கவும் படும், ஒப்புரவு அருட்சாதனத்தில் (குருவிடம் பாவ அறிக்கை செய்வதில்) திரும்பக் கிடைக்கும். அதனால்தான் நீங்கள் பேசுகிற அளவுக்கு "நான் மீட்கப்பட்டுவிட்டேன்" என்று நாங்கள் அடித்துச் சொல்வதில்லை.

1999 அக்டோபர் 31-இல் அதே ஆக்ஸ்பர்க் நகரில் வத்திக்கானும் லுத்தரன் உலக சம்மேளனமும் இதைப் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் நம்பிக்கையில், எங்கள் தகுதியால் அல்ல என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். அக்காவிடம் காட்டுங்கள், கிண்டல் குறையும்.

பொறையார்_வாத்தியார்

நல்ல பதில் தம்பி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அமெரிக்காவின் லுத்தரன் சபையான மிசௌரி சினாட் அந்த அறிக்கையை ஏற்கவில்லை, வேறுபாட்டை மூடி மறைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். நாகர்கோவில் சபையை உண்டாக்கிய மிஷன் அவர்களுடையது. எனக்கு அறிக்கை பிடிக்கும், ஆனால் அவர்கள் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. நீதி வெளியிலிருந்து எண்ணப்படுகிறதா, உள்ளே ஊற்றப்படுகிறதா என்பது இன்னும் தீர்ந்த பாடில்லை.

நற்கிரியை விஷயம்: லுத்தர் இறந்தபின் நம் ஆட்களே இதில் மோதிக்கொண்டார்கள். இரட்சிப்புக்கு நற்கிரியை அவசியம் என்றார் கியோர்க் மேயர். இரட்சிப்புக்கு அது கேடு என்று எதிர்க்கோடிக்குப் போனார் அம்ஸ்டார்ஃப். இணக்கச் சூத்திரம் இரண்டையுமே தள்ளியது. விசுவாசம் இருந்தால் நற்கிரியை வந்தே தீரும், ஆனால் அதைக் காட்டி இரட்சிப்பு கேட்க முடியாது. கடவுளுக்கு நம் நற்கிரியை தேவையில்லை, மாடி வீட்டு அக்காவுக்குத்தான் தேவை.

வடசேரிக்காரி

ரொம்ப நன்றி ஐயா. மனப்பாடம் செய்ததற்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. ஆனால் ஒன்று. குடும்ப சமாதானத்துக்காக முழுக்கு எடுத்துவிட்டால் என்ன? தண்ணீர்தானே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் கர்ப்பமாக இருக்கிறேன். குழந்தை பிறந்ததும் அவர்கள் சபையில் பிரதிஷ்டை செய்வார்கள். எங்கள் அம்மா ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது.

பொறையார்_வாத்தியார்

முதலில் வாழ்த்துக்கள் அம்மா.

தண்ணீரின் அளவில் நமக்குப் பிரச்சினை இல்லை. குழந்தையை முழுக முக்கி எடுப்பதே அடையாளத்துக்குப் பொருத்தம் என்று 1519-இல் லுத்தரே எழுதினார். பிரச்சினை இரண்டாம் முறை என்பதில் இருக்கிறது. மறுபடி எடுத்தால், முதல் தடவை கடவுள் கொடுத்த வாக்கு செல்லவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வதாகும். நான் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மரியாதையாக மறுக்கலாம். "அத்தை, எனக்கு ஒருமுறை நடந்துவிட்டது, அதை நான் தினமும் நம்புகிறேன்" என்றால் போதும்.

குழந்தை விஷயத்தில் வழி சுலபம். பிரதிஷ்டை என்பது ஜெபம் செய்து ஆசீர்வதிப்பது, அது ஞானஸ்நானம் அல்ல. அதற்குப் பிறகு நம் சபையில் ஞானஸ்நானம் கொடுக்கத் தடை ஏதும் கிடையாது.

பெரம்பூர்_விசுவாசி

வாத்தியார் ஐயா, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளை வளர்ந்து தானே கேட்டு எடுக்கட்டும் என்பதற்காகத்தான் நாங்கள் பிரதிஷ்டை செய்கிறோம். உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் அத்தை வருத்தப்படத்தான் செய்வார். சகோதரி, உங்கள் வீட்டுக்காரரிடம் பிரசவத்துக்கு முன்னாடியே பேசிவிடுங்கள். பிறந்தபிறகு இரண்டு பக்கமும் தேதி குறித்துவிடுவார்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

வடசேரிக்காரி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வீட்டில்தான் இருப்பார், அன்றைக்குப் பேசுகிறேன். ஐயா, குழந்தைக்கு ஞானத் தகப்பன், ஞானத் தாயாக நிற்பவர்கள் லுத்தரனாகத்தான் இருக்க வேண்டுமா? நாத்தனாரைக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

பொறையார்_வாத்தியார்

சபைக்குச் சபை வழக்கம் மாறும், உங்கள் சபைப் போதகரிடம் கேட்டுவிடுங்கள். ஆனால் குழந்தை ஞானஸ்நானத்தையே ஏற்காதவரை நிற்கச் சொன்னால், அவர் நம்பாத ஒன்றுக்கு அவரையே வாக்குக் கொடுக்க வைப்பதாக ஆகும். நாத்தனாரைக் குழந்தைக்காக ஜெபம் பண்ணச் சொல்லுங்கள். அதை அவர் சந்தோஷமாகச் செய்வார்.